செம்மறிக் குட்டி எடை ஏற: இனத்தையும் தீவனத்தையும் எப்படிப் பொருத்துவது?

செம்மறி வளர்க்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த இனம் வாங்கினால் குட்டி சீக்கிரம் எடை போடும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோ இருக்கும், சேலம் பக்கத்து மேச்சேரி இனக் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மேய்ச்சலை மட்டும் நம்பி வளர்ந்தால் அது நாளுக்கு 50, 60 கிராம் ஏறும். ஆறு மாதத்தில் 12, 13 கிலோவில் நிற்கும். அதே இனக் குட்டிக்குத் தாய்ப்பால் குறையாமல், பத்தாம் நாளிலிருந்து குட்டித் தீவனமும் கொடுத்து வந்தால் நாளுக்கு 100 கிராம் ஏறுவது பெரிய காரியமில்லை. ஆறு மாதத்தில் 20 கிலோவைத் தொடும். ஒரே இனம், ஒரே ஊர், ஏழெட்டுக் கிலோ வித்தியாசம். ஒரே தீனியில் வளரும் மேச்சேரிக்கும் ஆந்திராவின் பெரிய இனமான நெல்லூருக்கும் நடுவில்கூட அந்த வயதில் இவ்வளவு இடைவெளி வராது.

குட்டி எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதை இனம் தீர்மானிக்கிறது. அதில் எவ்வளவு உங்கள் கைக்கு வரும் என்பதைத் தீவனம் தீர்மானிக்கிறது, அதிலும் முதல் 90 நாள் தீவனம். புதிதாக வருகிறவர்கள் பணத்தையெல்லாம் இனத்தில் போட்டுவிட்டு அந்த 90 நாளைக் கோட்டை விடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையில் தீவனத்தை முன்னால் வைத்திருக்கிறேன்.

படி 1: உங்களிடம் என்ன தீனி இருக்கிறது என்று எழுதுங்கள்

ஆடு வாங்கப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை மாதவாரியாக உங்கள் ஊரில் என்ன தீனி கிடைக்கும் என்று எழுதுங்கள். எந்த மாதம் மேய்ச்சல் நிலம் பச்சையாக இருக்கும், எப்போது கடலைக் கொடி, சோளத்தட்டை கிடைக்கும், உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு யாரிடம் வாங்கலாம், கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

ஒரு செம்மறி அதன் உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரை ஈரமில்லாத கணக்கில் தீனி தின்னும். 20 கிலோக் குட்டிக்கு ஏறக்குறைய 700 கிராம். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆக, பசும்புல்லை மட்டும் வைத்து அந்த 700 கிராமைக் கொடுக்க நினைத்தால் மூன்று கிலோவுக்கு மேல் வெட்டிப் போட வேண்டும். ஒரு சின்னக் குட்டியின் வயிற்றில் அவ்வளவு புல் கொள்ளாது. "நேப்பியர் புல் போட்டிருக்கிறேன், அதுவே போதும்" என்று சொல்கிறவர்களின் குட்டிகள் வயிறு பெருத்து, முதுகு ஒட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். கம்பு நேப்பியர் வயிற்றை நிரப்பும், புரதம் குறைவு. குட்டி வளர வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு, முயல்மசால் போன்ற பயறு வகைத் தீவனம் கூடவே வேண்டும். வரப்போரம் இரண்டு வரிசை அகத்தியும் கால் ஏக்கர் வேலிமசாலும் இருந்தால் இருபது ஆட்டுக்கு நல்ல தொடக்கம். ஆடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே விதைத்துவிடுங்கள்.

சூபாபுல் தழையும் நல்ல புரதம்தான். அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: அந்தத் தீனிக்கு ஏற்ற இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வறண்ட பகுதிக்கும் அதற்கென்று உருவான செம்மறி இனம் உண்டு. நீலகிரியைத் தவிர மற்றவை பெரும்பாலும் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுபவை.

சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர், தருமபுரிப் பக்கம் மேச்சேரி. இளம்பழுப்பு நிறம், குட்டையான முடி, கொம்பு கிடையாது. தாயாடு 22 கிலோ, வளர்ந்த கிடா 35 கிலோ வரை வரும். இதன் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்பு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் சென்னைச் சிவப்பு; எடையில் மேச்சேரிக்குச் சமம். தூத்துக்குடி, விருதுநகர்க் கரிசல் காட்டில் இரண்டு இனங்கள்: வெள்ளையில் செம்புள்ளி போட்ட வேம்பூர், இதைப் பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள், செம்பழுப்பு உடலும் அடிவயிற்றில் கருப்புமாக இருக்கும் கீழக்கரிசல். வேம்பூர் உயரமான ஆடு, பெட்டையே 27, 28 கிலோ வரும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ராமநாதபுரம் வெள்ளை. திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் திருச்சி கருப்பு; இது சின்ன ஆடு, பெட்டை 18, 19 கிலோதான். நீலகிரி இனம் குளிர்ந்த மலைக்கானது. மெரினோ போன்ற வெளிநாட்டு ஆடுகளின் கலப்பில் 19ஆம் நூற்றாண்டில் உருவான கம்பளி ஆடு அது. சமவெளி வெயிலுக்கு அதைக் கொண்டுவர நினைக்க வேண்டாம்.

வெளி மாநில இனங்களில் அடிக்கடி பேச்சில் வருவது மூன்று. ஆந்திராவின் நெல்லூர் நல்ல உயரம், நீண்ட கால். பெட்டை 30 கிலோ, கிடா 36 கிலோவுக்கு மேல். குட்டி பிறக்கும்போதே 3 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். கர்நாடகத்தின் மாண்டியா, அதாவது பன்னூர் ஆடு, குட்டையாக, அகன்ற மார்போடு, தொடையில் நல்ல சதையோடு இருக்கும். மூன்றாவது நாரி சுவர்ணா. மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சுந்தரவனத்தின் கரோல் ஆட்டில் இரட்டைக் குட்டிக்குக் காரணமான ஒரு மரபணு இருக்கிறது. அதைத் தக்காண ஆட்டுக்குள் கொண்டுவந்து உருவாக்கிய ஆடு இது.

இவற்றில் எதை எடுப்பது? என் தீர்ப்பை நேராகவே சொல்லிவிடுகிறேன். மேய்ச்சலை நம்பி, கையில் கொஞ்சம் தீவனத்தோடு தொடங்குகிறவர் அவரவர் மாவட்டத்து ஆட்டையே வாங்க வேண்டும். 30 கிலோத் தாயாடு சும்மா நிற்பதற்கே 22 கிலோ ஆட்டைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகத் தின்னும். கோடையில் தீனி குறையும்போது பெரிய ஆட்டுக்குத்தான் முதலில் பால் வற்றும். அப்போது நெல்லூர்க் குட்டி மேச்சேரிக் குட்டியைவிட மெலிந்து நிற்கும். அடுத்தது நோய். உள்ளூர் ஆடு அந்த மண்ணின் புழுவுக்கும் உண்ணிக்கும் பழகியது. சொந்தமாகப் பசுந்தீவனமும், அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) வாங்கப் பணமும், கோடைத் தண்ணீரும் உள்ளவர் நெல்லூரோ மாண்டியாவோ எடுக்கலாம். அங்கே அந்தப் பெரிய உடம்புக்கு வேலை இருக்கும்.

இரட்டைக் குட்டி ஆசையும் அப்படித்தான். இரட்டையில் ஒவ்வொரு குட்டியும் ஒற்றைக் குட்டியைவிடச் சிறியதாகப் பிறக்கும், பாலும் பங்குபோகும். தாய்க்குக் கூடுதலாகத் தீனி போட முடிந்தால் இரண்டு குட்டியின் மொத்த எடை உங்களுக்கு லாபம். முடியாவிட்டால் ஒன்று சவலையாகும், பல வேளை சாகும். தென்னாப்பிரிக்காவின் டார்ப்பர் போன்ற வெளிநாட்டுக் கலப்பை, நாட்டுக் குட்டிகளை ஒரு வருடமாவது எடை போட்டு வளர்த்துப் பழகியபின் யோசித்தால் போதும்.

படி 3: கிடாவில் காசு போடுங்கள்

பெட்டை ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் தரும். ஒரு கிடா 25, 30 பெட்டைகளின் குட்டிகளுக்கும் தகப்பன். அதனால் இனத்தில் செலவழிக்க நினைக்கும் பணத்தைக் கிடாவில் செலவழியுங்கள். சாதாரண உள்ளூர்ப் பெட்டை இருபதை வாங்கி, அதே இனத்தில் நன்றாக வளர்ந்த ஒரு பொலிகிடாவைச் சேர்த்தால், அடுத்த ஈற்றிலேயே குட்டியின் வளர்ச்சியில் மாற்றம் தெரியும்.

கிடா வாங்கும்போது அதன் இன்றைய உருவத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு மாதம் மூட்டை மூட்டையாகத் தீவனம் போட்டால் எந்தக் கிடாவும் பளபளக்கும். மூன்று மாதத்தில் என்ன எடை இருந்தது, கூடப் பிறந்தது உண்டா, தாய் இப்போது எத்தனையாவது ஈற்று, தாயின் மடி எப்படி என்று கேளுங்கள். முடிந்தால் தாயையே காட்டச் சொல்லுங்கள். கீழ்ப்பல் மேல் ஈறோடு சரியாகப் பொருந்துகிறதா, விதை இரண்டும் ஒரே அளவில், கெட்டியாக இருக்கிறதா, நாலு காலும் நேராக ஊன்றி நடக்கிறதா என்று பாருங்கள். எடை எழுதிவைத்த கிடாக்கள் வேண்டுமென்றால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையங்களில் விசாரிக்கலாம். மேச்சேரிக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியிலும், சென்னைச் சிவப்புக்குக் காட்டுப்பாக்கத்திலும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் தன் மகளோடே சேரும். நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகள் சிறியதாகப் பிறந்து, மெதுவாக வளர்ந்து, கூடுதலாகச் சாகும். பல மந்தைகளில் "இனம் கெட்டுப்போச்சு" என்று சொல்வதன் பின்னால் இருப்பது இதுதான்.

படி 4: குட்டித் தீவனம் தாயின் வயிற்றில் தொடங்குகிறது

சினைக்காலம் ஐந்து மாதம். கடைசி ஆறேழு வாரத்தில்தான் குட்டி தன் பிறப்பு எடையில் முக்கால் பங்கைப் பெறுகிறது. மடி உருவாவதும் அப்போதுதான். அந்த நேரம் தாய் காய்ந்த காட்டில் நடந்துகொண்டிருந்தால் ஒன்றேமுக்கால் கிலோக் குட்டி பிறக்கும், மடியில் பாலும் இருக்காது. கடைசி ஒன்றரை மாதமும், குட்டி போட்டபின் இரண்டு மாதமும் தாய்க்குத் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். இரட்டை போட்ட தாய்க்கு 100 கிராம் கூட்டுங்கள்.

கிடாவை எப்போது சேர்ப்பது என்பதும் தீவனக் கணக்குதான். ஆடி, ஆவணியில் சேர்த்தால் மார்கழி, தையில் குட்டி விழும். வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு பச்சையாக இருக்கும், தாய்க்குப் பால் இறங்கும். வருடம் முழுக்கக் கிடாவை மந்தையோடு விட்டுவைத்தால் சித்திரை, வைகாசி வெயிலில் விழும் குட்டிகளுக்குத் தாயும் உதவாது, காடும் உதவாது.

படி 5: பிறந்த முதல் நாள்

தொப்புள் கொடியில் அயோடின் தடவுங்கள். அரைமணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாள் முழுவதற்கும் குறைந்தது குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரைக் கிலோக் குட்டிக்கு 250 மில்லி, பல தடவையாக. நோய் எதிர்ப்புச் சக்தியை ஆட்டுக்குட்டி தாயின் வயிற்றில் பெறுவதில்லை, சீம்பாலில்தான் பெறுகிறது. அதை உடலுக்குள் எடுத்துக்கொள்ளும் திறன் ஒரு நாளில் போய்விடும்.

காம்பில் முதல் இரண்டு பீச்சை நீங்களே கறந்துவிடுங்கள். காம்பை அடைத்திருக்கும் மெழுகு போன்றது வெளியே வந்துவிடும். அரைமணி கழித்துக் குட்டியைத் தூக்கி, விலாவுக்குப் பின்னால் வயிற்றில் விரலை வைத்துப் பாருங்கள். குடித்த குட்டியின் வயிறு மெத்தென்று உருண்டு இருக்கும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டிக்கிடக்கும், தோல் சுருங்கும், வாய்க்குள் விரல் வைத்தால் ஜில்லென்று இருக்கும். அப்படிப்பட்ட குட்டியை முதலில் சூடுபடுத்திவிட்டு அப்புறம் பால் கொடுங்கள்.

அன்றே எடை போட்டு எழுதிவிடுங்கள். தொங்கவிடும் தராசும் ஒரு துணிப்பையும் போதும்.

படி 6: பத்தாம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிறந்த குட்டிக்கு அசைபோடும் பெருவயிறு பெயரளவுக்குத்தான் இருக்கும். பால் அதைத் தொடாமல் நேராக நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். குட்டி தானியத்தைக் கொறிக்கத் தொடங்கியதும், அதைப் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் அந்த வயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. பால் மட்டும் குடித்த குட்டிக்கு மூன்று மாதமானாலும் பெருவயிறு முதிராது. பாலை நிறுத்தியதும் தீனியைச் செரிக்க முடியாமல் ஒரு மாதம் எடை ஏறாமல் நிற்கும். இதற்கிடையே தாய்க்கு மூன்று, நாலு வாரத்தில் பால் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். குட்டியின் பசியோ ஏறிக்கொண்டே போகும். இந்த இடைவெளியைக் குட்டித் தீவனம்தான் நிரப்ப வேண்டும்.

கொட்டிலின் ஒரு மூலையில், வெளிச்சமும் காற்றும் உள்ள பக்கம், மூங்கிலால் ஒரு தனி அடைப்பு கட்டுங்கள். நிற்கும் மூங்கில்களுக்கு நடுவே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 முதல் 18 செ.மீ. இடைவெளி விடுங்கள். குட்டி நுழையும், தாய் நுழையாது. உள்ளே ஒரு சின்னத் தொட்டியில் தீவனம், ஒரு சட்டியில் தண்ணீர், கட்டித் தொங்கவிட்ட ஒரு பிடி அகத்தியோ வேலிமசாலோ. தொட்டியைக் குட்டியின் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், தரையில் வைத்தால் ஏறி மிதித்துப் புழுக்கை போட்டுவிடும். தாய்கள் மேயப் போனபின், காலை வேளையில் குட்டிகளை உள்ளே விட்டுப் பாருங்கள். முதல் நாலைந்து நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு குட்டி கொறிக்கத் தொடங்கினால் மற்றதெல்லாம் முட்டிக்கொண்டு வரும்.

நான் பரிந்துரைக்கும் கலவை, 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 45 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. ஏறக்குறைய 20 சதவீதப் புரதம் வரும். மக்காச்சோளத்தை மாவாக அரைக்க வேண்டாம், நொய்யாக உடைத்தால் போதும். மாவு மூக்கில் ஏறித் தும்மும், தின்னாது. கடலைப் பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ பச்சைத் திட்டோ இருந்தால் விலை மலிவென்று எடுக்காதீர்கள். அதில் உள்ள அஃப்லடாக்சின் நச்சு ஈரலைக் கெடுத்து வளர்ச்சியை நிறுத்தும்.

தொடக்கத்தில் குட்டிக்கு 20 கிராம் தின்றாலே அதிகம். மீந்ததைத் தாய்க்குப் போட்டுவிட்டு மறுநாள் புதிதாக வையுங்கள். ஒரு மாதத்தில் 50 கிராம், இரண்டு மாதத்தில் 100, 90ஆம் நாளில் 200 என்று ஏறும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு குட்டி இந்த மூன்று மாதத்தில் தின்பது எட்டுக் கிலோவை ஒட்டித்தான் வரும். ஒரு குட்டிக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு எடை தருவது வேறு எதுவும் இல்லை. சின்ன வயதில் தின்னும் தீவனம் எலும்பாகவும் சதையாகவும் மாறுகிறது. வயதாக ஆக அதே ஒரு கிலோ எடை ஏறக் கூடுதல் தீவனம் வேண்டும், ஏறுவதிலும் கொழுப்பு கூடும். முதல் மூன்று மாதம் பட்டினி கிடந்த குட்டிக்குப் பின்னால் எவ்வளவு கொட்டினாலும் இழந்ததை முழுதாக மீட்க முடியாது.

படி 7: பால் மறக்கடித்தல்

நாட்டு இனங்களுக்கு 90 நாள் சரியான வயது. அதைவிட, குட்டி தினம் 150 கிராமாவது தீவனம் தின்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது. தாயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், குட்டி பழகிய கொட்டிலிலேயே இருக்கட்டும். அந்த ஒரு வாரம் தீவனத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டாம். தடுப்பூசி, காது வில்லை போடுவது எல்லாவற்றையும் அதே வாரத்தில் திணிக்காதீர்கள்.

படி 8: மூன்றிலிருந்து ஆறு மாதம்

இப்போது கிடாக் குட்டிகளையும் பெட்டைகளையும் பிரித்துவிடுங்கள். கிடா வேகமாக வளரும், தொட்டியில் பெட்டையை முட்டித் தள்ளும், ஐந்தாறு மாதத்தில் சினைப்படுத்தவும் செய்யும்.

விற்கப் போகும் கிடாக் குட்டிக்குத் தினம் 250 முதல் 300 கிராம் அடர்தீவனம், பயறு வகைப் பசுந்தழை, கடலைக் கொடி அல்லது உளுந்தம் பொட்டு, பகலில் நாலைந்து மணி நேர மேய்ச்சல். கலவையில் புரதம் 16 சதவீதம் போதும்: மக்காச்சோளம் 50, கடலைப் பிண்ணாக்கு 18, கோதுமைத் தவிடு 28, தாது உப்பு 2, சுண்ணாம்புக்கல் தூள் 1, உப்பு 1.

இந்தச் செலவு கட்டுமா என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். 300 கிராம் வீதம் 90 நாளுக்கு 27 கிலோத் தீவனம். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 810 ரூபாய். மேய்ச்சல் மட்டும் இருந்தால் ஏறுவதைவிட 5 கிலோ கூடுதலாக ஏறுகிறது, உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். தீவன விலை ஏறி, இந்த இடைவெளி சுருங்கினால் அளவைக் குறைத்து, கருவேலங்காய், வெள்வேலங்காய் போன்ற காட்டு நெற்றுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடர்தீவனத்தில் வளரும் குட்டிக்கு நாலு ஆபத்து உண்டு. முதலாவது அமில நோய். தீவனத்தைத் திடீரென்று கூட்டினாலோ, குட்டி தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றாலோ, கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைக் கொட்டினாலோ பெருவயிறு புளித்து, ஒரே நாளில் ஆடு விழுந்துவிடும். எந்த மாற்றத்தையும் பத்து, பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஆட்டுக்குச் சோறு வேண்டவே வேண்டாம். இரண்டாவது, திடீரென்று கொல்லும் துள்ளுமாரி நோய். நன்றாகத் தின்று கொழுத்து வரும் குட்டியைத்தான் இது தேடிப் பிடிக்கும், அதிலும் மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல் மேய்ந்தால். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கிடாக் குட்டிகளுக்கு வரும் சிறுநீர்க் கல் அடைப்பு. தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற விகிதம் கெட்டால் கல் உருவாகும். மேலே உள்ள கலவையில் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு கிடா முதுகை வளைத்து, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாலாவது தாமிரம். மாட்டையோ வெள்ளாட்டையோபோல் செம்மறியால் தாமிரத்தை வெளியேற்ற முடியாது, ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று கொல்லும். மாட்டுக்கான தாது உப்பையும் பன்றித் தீவனத்தையும் செம்மறிக்குப் போடாதீர்கள். வாங்கும்போதே செம்மறிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

படி 9: தீவனத்தைத் தின்னும் புழு

இரண்டாம் மாதம் முதல் குடற்புழு நீக்கம் தேவை. நம்மூரில் பெரிய எதிரி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. குட்டியின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, வெளிறி வெள்ளையாக இருந்தால் சோகை, தாடைக்குக் கீழ் நீர் கோத்திருந்தால் முற்றிவிட்டது. மாதம் ஒருமுறை எல்லாக் குட்டிகளுக்கும் மருந்து ஊற்றும் வழக்கம் வேண்டாம், மருந்து பலனற்றுப் போய்விடும். சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, மருத்துவர் சொல்லும் மருந்தை, குட்டியின் எடைக்கு ஏற்பக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: எடை போடுங்கள், எழுதுங்கள், குற்றம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பிறந்த நாள், 30, 90, 180ஆம் நாள். காலையில் தீவனம் வைப்பதற்கு முன். ஒரு நோட்டில் குட்டி எண், தாய் எண், கிடா, ஒற்றையா இரட்டையா, எடை. நாட்டு இனத்தில் பிறப்பு எடை இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் கிலோ, 90 நாளில் 10 கிலோவுக்கு மேல், 180 நாளில் 18 கிலோவுக்கு மேல் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனமா தீவனமா என்ற கேள்விக்கு உங்கள் மந்தைக்கான பதில் இந்த நோட்டில்தான் கிடைக்கும். எல்லாக் குட்டிகளும் 30 நாளிலேயே பின்தங்கினால் தாய்களின் தீனி போதவில்லை. 30 நாள் வரை நன்றாக வந்து 90இல் எல்லாமே சறுக்கினால் குட்டித் தீவனத்தையும் புழுவையும் பாருங்கள். ஒரே ஒரு தாயின் குட்டி மட்டும் ஈற்றுக்கு ஈற்று பின்தங்கினால் அந்தத் தாய்க்குப் பால் இல்லை, மடியில் ஒரு பக்கம் கல்லாகியிருக்கலாம். அதை விற்றுவிடுங்கள். இரண்டு கிடா வைத்திருந்து, ஒன்றின் குட்டிகள் ஒரே தொட்டியில் தின்று மற்றதன் குட்டிகளைவிடத் தொடர்ந்து குறைவாக நின்றால், அப்போது இனத்தைப் பற்றிப் பேசலாம், கிடாவை மாற்றலாம்.

தராசு இல்லாத நாளில் முதுகில் கை வையுங்கள். இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் முள் ஒவ்வொன்றும் கூர்மையாக விரலில் குத்தினால் குட்டி மெலிவு. அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டு, இருபுறமும் சதை நிறைந்திருந்தால் நன்றாக இருக்கிறது. அழுத்தியும் எலும்பே தெரியவில்லை என்றால் இனி போடும் தீவனம் கொழுப்பாகத்தான் போகும். விற்கும் நேரம் வந்துவிட்டது.

படி 11: விற்பதும் வைத்துக்கொள்வதும்

பக்ரீத், தீபாவளி, ஆடி மாதக் கோயில் கொடைகள் ஆகியவற்றுக்கு முன்னால் விலை ஏறும். பக்ரீத் வருடத்துக்கு 11 நாள் வீதம் முன்னால் நகர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம். கிடா சேர்க்கும் மாதத்தை அதற்கேற்ப முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேச்சேரி, கன்னிவாடி, எட்டயபுரம் போன்ற சந்தைகளில் பெரும்பாலும் கண்பார்வையில் விலை பேசுவார்கள். உங்கள் கையில் எடை இருந்தால் பேச்சு மாறும். வீட்டிலேயே உயிர் எடைக்கு விற்பது இன்னும் நல்லது.

பெட்டைகளில் 90 நாள் எடையை வைத்து மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மந்தைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் இரட்டையாகப் பிறந்து ஒற்றைக்குச் சமமாக எடை போட்டது இருந்தால் என்ன விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிடாக்களில் முதலிடம் பிடித்ததையும் உங்கள் மந்தைக்கே வைத்துக்கொள்ள ஆசை வரும். அதன் தாயும் அக்கா தங்கைகளும் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதால், அதே இனம் வளர்க்கும் பக்கத்து ஊர்க்காரரிடம் கொடுத்து, அவருடைய நல்ல கிடா ஒன்றை எடை நோட்டோடு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.